இலவச டி.வி.க்குள்ள முஸ்தபா!

ஒரு சின்ன டெஸ்ட். உங்க வீட்டு ஸ்டோர் ரூமை எட்டிப் பாருங்க. ரப்பர் ஷீட் அடுக்கி வச்ச மூலையில, ரெக்கை உடைஞ்ச டேபிள் ஃபேனுக்குப் பக்கத்துல, பழைய வேட்டியைப் போர்த்திக்கிட்டு ஒரு 14 இன்ச் டி.வி. உட்கார்ந்திருக்கா?

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம்னா ‘இருக்கு’ன்னு சொல்ற கை நிறையவே உயரும். 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள்ல அன்றைய முதல்வர் கருணாநிதி தொடங்கி வச்ச இலவச கலர் டி.வி. திட்டம். 2011-க்குள்ள தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல செட்டுகள் வீடு வந்து சேர்ந்துச்சு. நம்ம ஊர்ல அதுல ஒரு கூடுதல் கெத்து. ரோட்டுல கொஞ்ச தூரம் நடந்தா கேரளா. அங்கே பாறசாலையில இருக்கிற மாமா காசு கொடுத்துத்தான் டி.வி. வாங்கணும். இங்கே ரேஷன் கார்டைக் காட்டினா போதும்!

அப்புறம் சுவர்ல மாட்டுற தட்டை டி.வி. வந்துச்சு. குண்டு டி.வி. மூலைக்குப் போச்சு. இப்போ ஆக்கர் கடைக்குப் போக நாள் எண்ணிக்கிட்டு இருக்கு. நிறுத்துங்க மக்கா! அந்த டி.வி.யைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்தைப் படிச்சுடுங்க. ஹாஸ்டல் ரூம்ல, வீட்டு வராந்தால வைக்கிற மாதிரி ஒரு வீடியோ கேம் பெட்டி செய்யணும்னு உங்களுக்கு ஆசை இருந்தா, அதுக்கு ரொம்பப் பொருத்தமான ஸ்கிரீன் ஏற்கெனவே உங்க வீட்டுலதான் தூங்கிக்கிட்டு இருக்கு.

குண்டு டி.வி. ஏன் பெஸ்ட்?

முஸ்தபாவைத் தெரியும்தானே? ஒரு ரூபா காயினைப் போட்டுட்டு, டைனோசருக்கும் ரவுடிக்கும் நடுவுல புகுந்து புகுந்து அடிச்ச அந்த கேம். நிஜப் பேரு ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. 1993-ல ஜப்பான் கம்பெனி கேப்காம் வெளியிட்டது. அதுல முஸ்தபா கெய்ரோன்னு ஒரு கேரக்டர். இங்கிலீஷ் பேரை யாரு சொல்லிட்டு இருப்பா? இந்தியா முழுக்கப் பசங்க ‘முஸ்தபா கேம்’னே பேரு மாத்திட்டாங்க.

அந்த கேமோட படம் அகலத்துல 384 புள்ளி, உயரத்துல 224 கோடு. அவ்வளவுதான்! இதையே 1080 கோடு இருக்கிற இன்னிக்கு டி.வி.யில போட்டா, ஒவ்வொரு புள்ளியும் செங்கல் சைஸுக்கு வீங்கிடும். குண்டு டி.வி. அப்படி இல்ல. அந்தக் கால கேம் பெட்டிக்குள்ள இருந்த மானிட்டரும் நம்ம வீட்டு டி.வி.யும் கிட்டத்தட்ட சொந்தக்காரங்க. பின்னாடி இருந்து எலெக்ட்ரான் கற்றை வந்து கண்ணாடியில கோடு கோடா வரையுற அதே டெக்னிக், கிட்டத்தட்ட அதே வேகம். அந்த கேம்களை வரைஞ்ச ஆர்ட்டிஸ்ட்டுங்க இந்த ஸ்கிரீனைப் பார்த்துத்தான் வரைஞ்சாங்க. கோடுகளுக்கு நடுவுல விழுற இருட்டு, புள்ளிகளோட ஓரம் லேசா கரையுறது... எல்லாமே கணக்குல சேர்த்தி.

இன்னொரு விஷயம், தாமதம். தட்டை டி.வி. ஒரு படத்தை வாங்கி, பெரிசாக்கி, அழகுபடுத்தி, அப்புறம்தான் காட்டும். குண்டு டி.வி. வர வர வரைஞ்சுட்டே போகும். இதுக்கு நல்ல சாட்சி வாத்து சுடுற கேம். நின்டெண்டோவோட ‘டக் ஹன்ட்’ 1984-ல வந்தது. நீங்க துப்பாக்கியை அழுத்தின அடுத்த கணம் ஸ்கிரீன் கறுப்பாகும். அப்புறம் வாத்து இருக்கிற இடத்துல மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில இருக்கிற சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்துட்டா வாத்து காலி. கண் சிமிட்டுறதுக்குள்ள நடக்கிற இந்த விளையாட்டு தட்டை டி.வி.யில எடுபடாது. வெளிச்சம் லேட்டா வரும், வாத்து தப்பிச்சுடும்.

15,625-ன்னு ஒரு பாஷை

சரி, கம்ப்யூட்டரை எடுத்து டி.வி.யில சொருகிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ரெண்டும் வேற வேற பாஷை பேசுது.

நம்ம ஊரு டி.வி. பேசுறது ‘பால்’ பாஷை. ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்க... 15,625. அதாவது நொடிக்கு 15,625 கோடு வரையும். கம்ப்யூட்டரோட நீல கலர் விஜிஏ சாக்கெட் இருக்கே, அது குறைஞ்சபட்ச சைஸான 640-க்கு 480-லயே நொடிக்குச் சுமார் 31,500 கோடு அனுப்பும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகம்! மெதுவாப் பேசுற தாத்தாகிட்ட டபுள் ஸ்பீடுல கிரிக்கெட் கமென்ட்ரி சொன்ன மாதிரி. டி.வி.க்கு ஒண்ணும் புரியாது.

இங்கேதான் பசங்க முதல் தடவை காசை விடுறாங்க. ஒரு முனையில விஜிஏ, இன்னொரு முனையில மஞ்சள் - சிவப்பு - வெள்ளைப் பின்னுன்னு ஒரு கேபிள் ஆன்லைன்ல சீப்பா கிடைக்கும். பார்த்தா ‘அட, இதைத்தானே தேடினோம்’னு தோணும். வாங்காதீங்க! அதுக்குள்ள வெறும் வயருதான். 31,500-ஐ 15,625 ஆக்குற சர்க்யூட் எதுவும் கிடையாது. டி.வி. சிக்னலையே விஜிஏ வழியா அனுப்பத் தெரிஞ்ச சில பழைய கார்டுகளுக்கு மட்டும்தான் அது உதவும். உங்க லேப்டாப் அந்த லிஸ்ட்ல இல்ல.

மூணு வழி இருக்கு

வழி ஒண்ணு: லேப்டாப் வச்சிருக்கிறவங்களுக்கு. எச்டிஎம்ஐ-யை ஏவி ஆக்குற கன்வெர்ட்டர் டப்பா. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, விலை சில நூறு ரூபாய். வாங்கும்போது அம்புக்குறி எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. ‘ஏவி-யில இருந்து எச்டிஎம்ஐ’ன்னு அப்படியே தலைகீழா வேலை செய்யுற டப்பாவும் பக்கத்துலேயே அதே கலர்ல விற்பாங்க. மாறிப்போனா உதவாது. டப்பாவுக்கு யுஎஸ்பி வழியா 5 வோல்ட் கரன்ட் கொடுக்கணும், மறக்காதீங்க.

இதுல ஒரு சின்னத் தொந்தரவு. லேப்டாப் அகலப் படமா அனுப்பினா, டப்பா அதை நெருக்கி 14 இன்ச்சுக்குள்ள அடைக்கும். முஸ்தபா பத்து நாள் சாப்பிடாதவன் மாதிரி ஒல்லியா தெரிவான். லேப்டாப் ரெசல்யூஷனை 640-க்கு 480-னு மாத்திப் பாருங்க, டப்பா ஏத்துக்கிட்டா ஆள் பழைய உடம்புக்கு வந்துடுவான்.

வழி ரெண்டு: இதுதான் என் சாய்ஸ். ராஸ்பெர்ரி பை. 2012 பிப்ரவரி 29-ல விற்பனைக்கு வந்த, உள்ளங்கையில அடங்குற குட்டி கம்ப்யூட்டர். முதல் மாடல்ல டி.வி.க்குன்னே மஞ்சள் சாக்கெட் இருந்துச்சு. 2014-ல வந்த பி பிளஸ் மாடல்ல இருந்து அது ஹெட்போன் சாக்கெட்டுக்குள்ளேயே ஒளிஞ்சுக்கிச்சு. நேரா டி.வி. பாஷையிலேயே பேசும். நடுவுல மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், தாமதமும் குறைவு.

ஆனா மூணு கண்டிஷன். எச்டிஎம்ஐ கேபிள் சொருகி இருந்தா பை அந்தப் பக்கம்தான் போகும், அதை உருவிடுங்க. பை 4-ல டி.வி. அவுட்புட் ஆஃப் ஆகித்தான் வரும், செட்டிங்ல போய் ஆன் பண்ணணும். பை 5-ல அந்தச் சாக்கெட்டே கிடையாது, போர்டுல இருக்கிற ரெண்டு சின்னப் புள்ளியில சோல்டர் அடிக்கணும். அதனால செகண்ட் ஹேண்ட்ல பை 3 கிடைச்சா விடாதீங்க.

அப்புறம் கேபிள். ஒரு முனையில ஹெட்போன் பின், மறுமுனையில மூணு கலர்ப் பின்னு... பழைய வீடியோ கேமராவோட வந்ததும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். உள்ளே வரிசை வேற. பை-யில பின்னோட நுனியில இருந்து எண்ணினா இடது ஒலி, வலது ஒலி, எர்த், கடைசியில படம். சொருகினதும் படம் வரலைன்னா உடனே பை-யைத் திட்டாதீங்க. சிவப்புப் பின்னை மஞ்சள் சாக்கெட்டுல சொருகிப் பாருங்க. சில கேபிள்ல அங்கேதான் படம் வரும். அதுக்கும் வரலைன்னா எர்த்தும் படமும் இடம் மாறியிருக்கு, கேபிளை மாத்துங்க.

வழி மூணு: இது இலவச டி.வி.க்கும் மூத்தவங்களுக்கு. சாலிடேர், டயனோரா, கேரளா அரசோட கெல்ட்ரான்னு தாத்தா காலத்து செட்டு இருக்குதா? பின்னாடி மஞ்சள் சாக்கெட்டே இருக்காது, ஆன்டெனா ஓட்டை மட்டும்தான். அதுக்கு ஆர்எஃப் மாடுலேட்டர் வேணும். படத்தையும் ஒலியையும் ஒரு குட்டி டி.வி. ஸ்டேஷன் மாதிரி மாத்தி ஆன்டெனா வழியா அனுப்புற சாமான். தனியா அலைய வேண்டாம். டேப் ஓடாம செத்துப்போன வி.சி.ஆர். டெக் யார் வீட்டுலயாவது கிடக்கும். அதோட ஏவி இன்-ல கேமை விட்டு, ஆன்டெனா அவுட்-ஐ டி.வி.யில சொருகி, ஆட்டோ சர்ச் போடுங்க. எங்கேயாவது ஒரு சேனல்ல முஸ்தபா மாட்டுவான். தூர்தர்ஷன் தன்னோட அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 வாக்குல பெரும்பாலும் மூடிட்டதால, போட்டிக்கும் ஆள் இல்ல!

படம் வந்துச்சு, கலர் எங்கே?

இது எல்லாருக்கும் வர்ற டவுட். படம் வரும், ஆனா எம்.ஜி.ஆர். காலத்து பிளாக் அண்ட் ஒயிட்ல வரும். சில சமயம் உருண்டுட்டே இருக்கும். டி.வி. கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. ராஸ்பெர்ரி பை வழக்கமா பேசுறது அமெரிக்கா, ஜப்பானோட ‘என்டிஎஸ்சி’ பாஷை. செட்டிங்ல ‘பால்’னு மாத்துங்க. கன்வெர்ட்டர் டப்பாவா இருந்தா பக்கவாட்டுல ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளுங்க. கலர் வந்துடும்.

வந்துடுச்சா? இப்போ ஒரு ரகசியம். முஸ்தபா மாதிரி கேமெல்லாம் நொடிக்கு ஏறக்குறைய 60 படம் ஓடுறதுக்குன்னு பிறந்தது. ‘பால்’ டி.வி. நொடிக்கு 50 தடவைதான் ஸ்கிரீனைப் புதுப்பிக்கும். 60-ஐ 50-க்குள்ள திணிச்சா நடை லேசா விந்தி விந்தி வரும். பின்னாள்ல வந்த பல கலர் செட்டுங்க ஏவி சாக்கெட்டுல மட்டும் என்டிஎஸ்சி-யையும் புரிஞ்சுக்கும். அதனால முதல்ல ‘பால்’ல எல்லாம் சரியா வருதான்னு பார்த்துட்டு, அப்புறம் ஒருதரம் என்டிஎஸ்சி போட்டுப் பாருங்க. கலரோட நின்னுச்சுன்னா லக்கி பிரைஸ். அதுலேயே விட்டுடுங்க.

சத்தத்துக்கும் ஒரு வார்த்தை. பல 14 இன்ச் செட்டுல ஒரே ஸ்பீக்கர், ஒரே வெள்ளை சாக்கெட். சிவப்புப் பின் அநாதையாத் தொங்கும். அது பாட்டுக்குத் தொங்கட்டும், ஆனா கேம் செட்டிங்ல ‘மோனோ’ போடுங்க. இல்லேன்னா வலது பக்கம் வர்ற குத்து எதுவும் கேட்காது.

மூடியைத் தொடாதே!

இவ்வளவு நேரம் ஜாலியாப் பேசினோம். இந்த ஒரு பாராவை மட்டும் சீரியஸாப் படிங்க.

படம் வந்த சந்தோஷத்துல எல்லாருக்கும் வர்ற அடுத்த ஐடியா: ‘டி.வி.யோட பிளாஸ்டிக் கூட்டைக் கழட்டிட்டு, பிக்சர் டியூபை மட்டும் மரப்பெட்டியில வச்சா செம லுக்கா இருக்குமே!’ பழைய டி.வி. மெக்கானிக் யார்கிட்ட போய் இதைக் கேட்டாலும் பேச்சு இப்படித்தான் போகும்.

‘‘அண்ணே, பிளக்கைப் பிடுங்கிட்டுத்தானே கழட்டப் போறேன்? என்ன ஆகும்?’’

‘‘எலே மக்கா, பிளக்கைப் பிடுங்கினாலும் அதுக்க உள்ள கரன்ட் கிடக்கும் கேட்டியா. எனக்கே இப்பவும் பயம் உண்டு. நீ ஆசைக்கு வெளிய வச்சே விளையாடு.’’

அவர் சொல்றது நூத்துக்கு நூறு. கலர் பிக்சர் டியூப் ஓடும்போது அதுல 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல இருக்கும். டியூபே ஒரு பெரிய கெப்பாசிட்டர் மாதிரி. ஆஃப் பண்ணின பிறகும் சார்ஜைப் பிடிச்சு வச்சுக்கும். பவர் சப்ளையில இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல மட்டுமே 300 வோல்ட்டுக்கு மேல நிற்கும். பழைய செட்டுகள் சிலதுல உள்ளே இருக்கிற சேசிஸே நேரா மெயின் கரன்ட்டோட தொடர்புல இருக்கும். ‘ஏவி சாக்கெட் இல்லைன்னா என்ன, உள்ளே ஒரு வயரை சோல்டர் அடிச்சு நாமே போட்டுக்கலாம்’னு கிளம்பினா, அந்த மெயின் கரன்ட் உங்க கம்ப்யூட்டருக்கும் வரும், ஜாய்ஸ்டிக் பிடிச்ச கைக்கும் வரும். அதனாலதான் அந்த செட்டுகளுக்கு ஆன்டெனா வழி மட்டும்னு சொன்னேன். டியூபோட கழுத்து மெல்லிசு, உள்ளே வெற்றிடம். உடைஞ்சா கண்ணாடி சிதறும். பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில ஈயமும் இருக்கு.

ஒரு கேமுக்காக இந்த ரிஸ்க் வேண்டாம். லுக் முக்கியமா, நீங்க முக்கியமா? உங்க அம்மாவைக் கேட்டுப் பாருங்க.

கூட்டோட அப்படியே பெட்டிக்குள்ள!

நல்ல செய்தி என்னன்னா, கழட்டாமலே லுக் கொண்டு வரலாம். டி.வி.யை முழுசா உள்ளே வச்சு, முன்னாடி கறுப்பு அட்டையில ஸ்கிரீன் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி மாட்டுங்க. கூடு மறைஞ்சிடும். 14 இன்ச் ஸ்கிரீனோட ஓரம் எப்படியும் கொஞ்சம் படத்தை முழுங்கும், ஸ்கோர் நம்பர் வெட்டுப்பட்டா கேம் மெனுவுல படத்தைச் சுருக்கிக்கலாம்.

பெட்டிக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? ரப்பர் மரப் பலகை, பிளைவுட் எது கிடைச்சாலும் ஓகே. தட்டு மட்டும் கெட்டியா இருக்கணும். குண்டு டி.வி.யோட எடை முழுக்க முன்பக்கக் கண்ணாடியிலதான். அந்தப் பக்கம் முட்டுக் கொடுக்கலைன்னா பெட்டி உங்க மேல சாயும். மேலேயும் பின்னாலேயும் காத்துப் போக ஓட்டை விடுங்க. தனியா ஸ்பீக்கர் வைக்கிறதா இருந்தா டியூபுக்குப் பக்கத்துல வேண்டாம். அதுல இருக்கிற காந்தம் ஸ்கிரீன்ல பச்சையும் ஊதாவுமா திட்டு போட்டுடும்.

ரிமோட்டை மறந்துட்டுப் பெட்டியை ஆணி அடிச்சு மூடிடாதீங்க. பல செட்டுகள் கரன்ட் போயிட்டு வந்தா ஸ்டேண்ட்பைல நிற்கும், இல்லேன்னா ஏவி-யை விட்டு சேனல் ஒண்ணுக்குப் போயிடும். ரிமோட் சென்சாருக்கு நேரா ஒரு ஓட்டை அவசியம். டி.வி., கம்ப்யூட்டர் ரெண்டையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகுங்க, ரெண்டும் ஆஃப்ல இருக்கும்போது மட்டும் ஏவி கேபிளைத் தொடுங்க. ஐப்பசி மழையில இடி இடிச்சா எல்லாத்தையும் உருவிட்டு, பழம்பொரி சாப்பிடப் போயிடுங்க.

கேம் எங்கேருந்து வரும்? 1997-ல இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா தொடங்கி வச்ச ‘மேம்’ங்கிற இலவச சாஃப்ட்வேர், பழைய கேம் பெட்டிகளோட போர்டுகளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடிச்சுக் காட்டும். மேம் சட்டப்படி சுத்தம். ஆனா கேம்கள் பலதுக்கும் முஸ்தபாவையும் சேர்த்து இன்னும் ஓனர்கள் உண்டு. நெட்டுல கிடைக்குதுங்கிறதுக்காக அது இலவசம் ஆயிடாது. ஓனர்களே விளையாட அனுமதி கொடுத்த சில பழைய கேம்கள் மேம் வெப்சைட்டுலேயே இருக்கு. பெட்டியை டெஸ்ட் பண்ண அதுவே தாராளம்.

இதெல்லாம் முடிஞ்சதும் சுவிட்சைப் போடுங்க. ‘டொம்’னு ஒரு சத்தம். அதுக்குப் பின்னாடியே ஊசி மாதிரி மெல்லிசா ‘கீ...’ன்னு ஒண்ணு கேட்கும். அதான் நம்ம 15,625! டி.வி. கோடு வரையுற வேகமே சத்தமா வெளியே வருது. இந்த உயரச் சத்தம் இருபது வயசுக் காதுக்குக் கேட்கும், வயசு ஏற ஏறக் கேட்காமப் போயிடும். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க. ‘‘என்ன சத்தம்? ஒண்ணும் இல்லியே’’ம்பார்.

பரவாயில்ல. அன்னிக்கு ரேஷன் கார்டோட க்யூல நின்னு இந்த டி.வி.யைத் தூக்கிட்டு வந்தவர் அவர்தான். ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவர் பக்கம் திருப்பி வையுங்க மக்கா!